சங்குக் குளத்தில் நான் போட்டது

எழில்,

இது நான்காவது தாள். முந்தைய மூன்றும் உன் உடம்பை விசாரித்து, சமையல்காரரிடம் பேசியதைச் சொல்லி, மண்டபத்து வாசலில் பந்தல் போடுவதா வேண்டாமா என்று யோசித்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே முடிந்துவிட்டன. என்னை எனக்குத் தெரியும். இரண்டு பத்தி நல்ல சேதி எழுதினால் மூன்றாவது பத்தியில் தைரியம் போய்விடும். அதனால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார். என்னோடு கூடப்பிறந்த அண்ணன். மாமல்லபுரத்தில் சிப்பிக் கடை வைத்திருக்கிறார். உன் எட்டாவது வயதில் அவரை ஒருமுறை பார்த்துப் பேசியும் இருக்கிறாய். அன்று நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு அவரைத் தெரியாதவன் போல இருந்தேன். உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. போன ஞாயிறு நீ தங்கியிருக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எதிரில் என்னிடம், "நகையெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்பா. என்னைப் பத்திதான் தெரியுமே, தொலைச்சிடுவேன்" என்று சொன்னாய். அந்த அம்மாள் சிரித்தார். நீ சிரித்தாய். பழக்கத்தில் நானும் சிரித்துவிட்டேன். நீங்கள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. நீ எதையும் தொலைக்கிறவள் என்பதை இந்த வீட்டில் முதலில் சொன்னவன் நான். அது பொய் என்று தெரிந்தே சொன்னேன். இந்த இரண்டு விஷயமும் ஒரே நாளில் நடந்தவை. அந்த நாளைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஆபீசின் குடும்பச் சுற்றுலா உனக்கு நினைவிருக்கும். வருடத்துக்கு ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது. ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. ஒரு மாதம் முன்பே ஸ்டென்சில் தாளில் நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு பிரதி கொடுப்பேன். ஆறு மணிக்கு ஆபீஸ் வாசல், ஏழரைக்கு ஐந்து ரதம், பத்துக்குக் கலங்கரை விளக்கம், ஒரு மணிக்குச் சவுக்குத் தோப்பில் சாப்பாடு. கடலில் கால் நனைக்க முக்கால் மணி நேரம். முழங்காலுக்கு மேல் யாரும் போகக்கூடாது என்று ஒரு குறிப்பும் இருக்கும். எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். "அலைக்கும் நேரம் போட்டுக் குடுத்துட்டியாய்யா?" என்று சூப்பரின்டெண்ட் சார் கேட்பார். ஆனால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். எழில், அந்த ஒரு நாள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மா முதல் நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைப்பாள். வாளியில் புளிசாதம், தூக்குச் சட்டியில் தயிர்சாதம், இலைக்கட்டு, ஊறுகாய் பாட்டில். வேன் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஜன்னல் காற்றில் ஒரு பிசுபிசுப்பு வரும். "கடல் வந்துடுச்சு" என்று நீ கத்துவாய். கடலுக்கு இன்னும் அரை மணி இருக்கும்.

திரும்பும்போது எல்லோர் மடியிலும் ஒரு பொட்டலம் இருக்கும். சோழி மாலை, சிப்பி ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி, மாக்கல் யானை, கடற்கரைக் கோயில் அச்சடித்த சாவிக்கொத்து. அந்தக் காலத்தில் எங்கள் ஆபீசில் யார் வீட்டு ஷோகேஸைத் திறந்தாலும் இவைதான். நம் வீட்டில் ஒவ்வொன்றின் அடியிலும் சின்னத் தாளில் வருடத்தை எழுதி ஒட்டியிருப்பேன். நீ அந்தக் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாய். தினமும் உன் மூக்கின் தடத்தை அம்மா துடைப்பாள். மாமல்லபுரம் போன வருடங்களில் ஒன்றுக்கு மட்டும் அதில் பொருள் கிடையாது. ஏன் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நீ தொலைத்துவிட்டாய் என்று.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருங்குழிக்குப் பக்கத்தில் ஊருக்கு வெளியே இருந்த காலனியில் பிறந்தோம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அண்ணன் ஐந்தாவதோடு நின்று அவர்களோடு நடவுக்குப் போனார். நான் படித்தேன். அவர் நின்றதால் நான் படித்தேன் என்று எழுதுவதுதான் சரி. பிறகு அவர் கடற்கரைப் பக்கம் பெண் கட்டி, மாமனாரோடு சிப்பி வியாபாரத்தில் இறங்கினார். எனக்கு வேலை கிடைத்தது. ஆபீசில் முதல் நாள் டீ குடிக்கும்போது ஒருவர், "கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். ஒன்றும் தப்பான கேள்வி இல்லை. அண்ணன் என்றால் அவர் என்ன செய்கிறார் என்று கேட்பார்கள், எந்த ஊர் என்பார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள் என்று என் மனம் அதற்குள் நான்கு கேள்வி முன்னால் ஓடிவிட்டது. "நான் ஒரே பிள்ளை" என்றேன். என் சாதி என் பணிப்பதிவேட்டில் இருந்தது, பார்க்க விரும்புகிறவர் பார்த்திருக்கலாம். மறைக்க முடிந்ததை மறைத்தேன், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடம் ஒரு பிழை வராமல் காப்பாற்றினேன். ஒழுங்கானவன் என்று எனக்கு ஆபீசில் பெயர். அந்த ஒழுங்கில் பாதியை இதற்குத்தான் செலவழித்தேன்.

நீ பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் அவர். எழிலரசி என்ற பெயர் அவர் வைத்தது. ஏதோ கூட்டத்தில் மேடையில் கேட்டதாம், மறக்காமல் இருக்கச் சொல்லிக்கொண்டே வந்தாராம். உனக்கு மூன்று வயதாகும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு வருவார். நாம் இப்போதைய தெருவுக்குக் குடிவந்த பிறகு, "விசேஷம்னா நானே வரேன் அண்ணா, நீங்க அலைய வேண்டாம்" என்று சொன்னேன். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிடா" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் போகவில்லை. சுற்றுலா நாட்களில் மட்டும் கூட்டத்துக்கு நடுவில் நடந்து, அவர் கடை இருந்த பக்கத்தை நிகழ்ச்சி நிரலிலேயே தவிர்த்துவிடுவேன்.

உனக்கு எட்டு வயதான அந்த வருடம் அவர் இடம் மாற்றியிருந்தார். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியிலேயே தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நீதான் முதலில் அங்கே போய்க் குந்தினாய். உன்னை இழுத்துவர வந்தவன் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். எனக்குப் பின்னால் சூப்பரின்டெண்ட் சாரும் அவர் மனைவியும். அண்ணன் வாய் திறக்கப் போனார். நான் தலையை அசைக்கவில்லை, கண்ணால் ஜாடை காட்டவில்லை. வெறுமனே கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது போதுமாக இருந்தது.

"இன்னா சார் பாக்குறீங்க? பாப்பாவுக்கு சங்கு வேணுமா?" என்றார். என்னை அவர் சார் என்று கூப்பிட்ட முதல் தடவை அது.

"பேர் எழுதித் தருவீங்களா?" என்று நீ கேட்டாய். அவர் உன் உள்ளங்கையளவு ஒரு சங்கை எடுத்தார். நகப்பூச்சு பாட்டிலைத் திறந்தார். உன்னிடம் எதுவும் கேட்காமல் சிவப்பில் எழிலரசி என்று எழுதினார். ஐந்தாவது வரை படித்தவரின் எழுத்து, ழகரத்தின் கால் கொஞ்சம் நீண்டுவிட்டது. சூப்பரின்டெண்ட் சார் ஆச்சரியப்பட்டுப் போனார். "இன்னாப்பா, பேர் எப்படித் தெரியும்? ஜோசியம் கீசியமா?"

"பாப்பா மூஞ்சிலயே எழுதிகீது சார், பாருங்க" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் காப்பாற்றிவிட்டு அவரும் சிரித்தார். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் வாளியோடு தனியாக நடந்து போய், "சாதம் மிஞ்சிடுச்சுங்க, வீணாப் போகும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி அவர் முன் வைத்தாள். "குடும்மா, புளிசாதம்னா உசுரு" என்றார் அவர். மிஞ்சவே இல்லை, எழில். அவள் தன் பங்கைச் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாய். "அப்பா, அவருக்கு என் பேர் எப்படித் தெரியும்?" நாங்கள் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும் என்றேன். நீ யோசித்தாய். "எல்லாரும் பாப்புன்னுதானே கூப்பிட்டீங்க? எழிலரசின்னு யாருமே கூப்பிடலையே?" முன் சீட்டிலிருந்து சூப்பரின்டெண்ட் சாரின் மனைவி திரும்பி, "அதானே, குழந்தை எவ்வளவு விவரமா கேக்குது!" என்றார். அவர் அந்தச் சங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தச் சங்கு ஷோகேஸில் இருக்கும்வரை இந்தக் கேள்வியும் வீட்டில் இருக்கும் என்று தோன்றியது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நீ ஒவ்வொருவரிடமும் கதை சொல்வாய்.

திருக்கழுக்குன்றத்தில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லோரும் குளத்தைப் பார்க்கப் போனீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்தக் குளத்தில் சங்கு பிறக்கும் என்று யாரோ உனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வேனுக்குத் திரும்பி வந்து, வயர் கூடையில் துண்டுக்கு அடியில் நீ பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த சங்கை எடுத்தேன். குளத்தின் மறுபக்கப் படிக்குப் போய்த் தண்ணீரில் விட்டேன். எறியவில்லை, சத்தம் கேட்கும் என்று குனிந்து விட்டேன். எறிந்திருந்தால் ஆத்திரத்தில் செய்தேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து கூடையைக் கொட்டித் தேடினாய். அழுதாய். "கொடுத்த பொருளைக் காப்பாத்தத் தெரியாத பெண்" என்று நான் உன்னைத் திட்டினேன். தீர விசாரிப்பவன் போல, எங்கே வைத்தாய், எப்போது கடைசியாகப் பார்த்தாய் என்று வேறு கேட்டேன். துண்டில் சுற்றி வைத்தேன் என்று சத்தியம் செய்தாய். மூன்றாவது முறை கேட்டபோது உனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஒருவேளை கையில வெச்சிருந்தேனோ" என்றாய். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "போதும், குழந்தையை விடுங்க" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று அவள் போகும்வரை கேட்கப் பயந்தேன். இப்போது கேட்க அவள் இல்லை.

அதற்குப் பிறகு பென்சில் காணாமல் போனால் சங்கு, குடை காணாமல் போனால் சங்கு. உன் பள்ளிப் பைக்குள் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை ஒட்டினேன். கல்லூரிச் சான்றிதழ்களை உன்னிடம் தரவில்லை. எல்லாக் குழந்தைகளும் தொலைக்கிற அளவுதான் நீயும் தொலைத்தாய். நீ உன்னைப் பற்றி அப்படி நம்ப வேண்டும் என்று நான் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நீ நம்பியது எனக்கு வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

கடலையும் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் சுற்றுலாவை வேடந்தாங்கலுக்கு மாற்றியது நான்தான். பிள்ளைகளுக்குப் பறவைகளைப் பற்றி அறிவு வளரும், தண்ணீரில் ஆபத்து இல்லை, தூரமும் அதிகமில்லை என்று காரணங்களை வரிசையாகத் தட்டச்சு செய்து சுற்றுக்கு விட்டேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஏரிக்கரையில் நின்று நீ, "நாரை வேணாம்பா, அலை வேணும்" என்று காலை உதைத்தாய். அங்கே வாங்கி வர ஒரு சிப்பிகூடக் கிடையாது. நீ மாப்பிள்ளையிடம், எங்க அப்பாவுக்குக் கடலே பிடிக்காது என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எழில், எனக்குக் கடல் மிகவும் பிடிக்கும்.

கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் மூன்று நாள் நான் போகவில்லை. செய்தித்தாளில் பெயர்களைத் தேடினேன். போய் விசாரித்தால் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்பார்களே என்பதுதான் அப்போதும் என் யோசனை. நான்காம் நாள் போனேன். சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தேன். அவரும் அண்ணியும் சேறு படிந்த சிப்பிகளைக் கழுவித் தார்ப்பாயில் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நீ அன்று போன் செய்தபோது பல் வலி, அதனால் பேச முடியவில்லை என்றேன்.

இப்போது உன் கல்யாணம். அம்மா இல்லாததால் மணையில் உட்கார்ந்து உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க என்னால் முடியாது. ஜோடியாக இருக்கும் பெரியப்பாவோ சித்தப்பாவோதான் செய்ய வேண்டும். சம்பந்தி கேட்டார், யாராவது இருக்கிறார்களா என்று. இத்தனை வயதில், பென்ஷன் வாங்குகிற காலத்தில், யாருக்குப் பயப்பட வேண்டும்? "நான் ஒரே பிள்ளை" என்றேன். நாக்கு அவ்வளவு பழகியிருந்தது. சூப்பரின்டெண்ட் சாரும் அவர் மனைவியும் உட்காருவார்கள் என்று ஏற்பாடு செய்தேன். நீ நகையை என்னிடம் விட்டுப்போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் முடியவில்லை. புதன்கிழமை காலை பஸ் ஏறினேன்.

மாமல்லபுரத்தில் அண்ணனுக்கு இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. வாசலில் நின்றேன். அண்ணிதான் முதலில் பார்த்தார். "இன்னா தம்பி, வழி தப்பி வந்துட்டியா? செங்கல்பட்டு பஸ்ஸு அந்தாண்ட நிக்குது."

அண்ணன் நிமிரவில்லை. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. "உள்ள வரச் சொல்லு. வெயில்ல நின்னா சாருக்கு ஒத்துக்காது" என்றார்.

"அண்ணா, என் பொண்ணுக்குக் கல்யாணம்."

"எம் பொண்ணுன்றான் பாரு" என்றார் அண்ணியிடம். "பேரு வெச்சது யாருடா?"

நீங்களும் அண்ணியும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்துத் தர வேண்டும் என்றேன். அவர் கையிலிருந்த சிப்பி மாலையின் நூலை இழுத்து முடிச்சுப் போட்டு முடித்தார். பிறகு, "ஒனக்குப் பொண்டாட்டி இல்ல. ஒரு ஜோடி தேவைப்படுது. அதானே வந்துகீற?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். முழுதாக இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அந்தச் சங்கு வெச்சிகீதா பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. வர்ற வழியில நான் குளத்துல போட்டுட்டேன்."

அண்ணி ஏதோ சொல்ல வந்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "மை காயறதுக்குள்ள தூக்கிகினு ஓடிச்சு" என்றார். "கையில ஒட்டிக்கப் போவுதேன்னு நெனச்சிகினு இருந்தேன் அன்னிக்கு."

கோபமா அண்ணா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. "கோவம்லாம் கொஞ்ச வருசத்துல ஆறிப்போச்சு. அப்பால பேஜாரா இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல, வயசாயிடுச்சு" என்றார். "அந்தப் புள்ளைக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"அப்ப இன்னான்னு வந்து மணையில குந்துறது? சிப்பி விக்கிறவன்னா? மொதல்ல அந்தப் புள்ளையாண்ட சொல்லு. குளத்துல போட்டியே, அதையும் சேத்துச் சொல்லு. கேட்டுட்டு, அதுவா வந்து கூப்புட்டா வரோம். நீ கூப்பிட்டு வர்றதா இல்ல." பிறகு குரலை மாற்றி, "துன்னுட்டுப் போ, வஞ்சிர மீனு" என்றார். சாப்பிட்டேன். அண்ணி இரண்டாவது முறை குழம்பு ஊற்றியபோது தலையை நிமிர்த்த முடியவில்லை.

அறிவுரை என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும். நீ போகிற வீட்டில் யாராவது உன்னை ஒரு குறையின் பெயரால் கூப்பிட ஆரம்பித்தால், அன்பாகக் கூப்பிட்டாலும், சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளாதே. அந்தக் குறை உண்மையில் யாருடையது என்று கேள். எட்டு வயதில் நீ சரியான கேள்வியைத்தான் கேட்டாய். பதில் சொல்ல வேண்டியவன்தான் சரியாக இல்லை.

நேற்று சூப்பரின்டெண்ட் சார் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். பிறகு சம்பந்திக்கு போன் செய்தேன். பெண்ணுக்குப் பெரியப்பா இருக்கிறார் என்றேன். "இல்லைன்னு சொன்னீங்களே?" என்றார். "பொய் சொன்னேன்" என்றேன். கல்யாணம் நின்றுவிடுமோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "சரி, பத்திரிகைல போடணுமே, பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்றார். "இருசப்பன்" என்று கத்தினேன். கருங்குழி இருசப்பன், என் அண்ணன் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

அவரைக் கூப்பிட நீ போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். என் மேல் உனக்கு வருகிற கோபம் கல்யாணத்துக்கு இருக்கும் ஒன்றரை மாதத்தில் தீராது என்றும் தெரியும். அவரைக் கூப்பிட உனக்கு மனம் வரவில்லை என்றாலும் பெயர் பத்திரிகையில் இருக்கும். மணமேடையில் அவருக்கும் அண்ணிக்கும் மணை போட்டு வைப்பேன். அது காலியாக இருந்தால், யாருடைய இடம், ஏன் வரவில்லை என்று வந்தவர்கள் கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் நானே நின்று பதில் சொல்வேன்.

அப்பா